வாஷி சிங்க்குகளின் வெள்ளைக் கறை

சிங்க்கில் உப்புக்கறை எடுக்க வேண்டும் என்று யாராவது போன் செய்தால், நான் கேட்கும் முதல் கேள்வி "உங்க சொசைட்டிக்கு டேங்கர் வருதா?" என்பதுதான். பலருக்கு எரிச்சல் வரும். சிங்க் வெள்ளையாகக் கிடக்கிறது, வந்து தேய்த்துக் கொடு என்றால் இந்த ஆள் சொசைட்டி விவகாரம் பேசுகிறானே என்று நினைப்பார்கள். ஆனால் நவி மும்பையின் வாஷியில் இதற்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது வீண் வேலை.

காரணம் இதுதான். வாஷியின் முனிசிபல் தண்ணீர் நல்ல தண்ணீர். ராய்காட் மாவட்டம் காலாப்பூர் பக்கத்தில் இருக்கிற மோர்பே அணையிலிருந்து வருகிறது. அந்த அணை நவி மும்பை மாநகராட்சிக்கே சொந்தம். அது கைக்கு வருவதற்கு முன்னால் பார்வி, ஹெடவணே அணைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எல்லாமே சஹ்யாத்ரி மலையில் நாலு மாதம் கொட்டுகிற மழைத் தண்ணீர். அந்த மலை கருங்கல் மலை. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை. சுண்ணாம்புப் பாறையில் ஓடி வந்த தண்ணீர்தான் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். இந்த மலைத் தண்ணீரில் அது மிகக் குறைவு. கரைந்த உப்பை அளக்கும் என் டி.டி.எஸ். மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் முக்கினால் பெரும்பாலும் நூறுக்குள்தான் காட்டும். இந்திய தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு விரும்பத்தக்க அளவாக வைத்திருப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். அப்படிப்பட்ட தண்ணீர் வருகிற ஊரில் ஒரு வீட்டுச் சிங்க் மட்டும் வெள்ளை பூத்துக் கிடக்கிறது என்றால், எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. கறையை எடுப்பது அரை மணி நேர வேலை. கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மாதமே கறை திரும்ப வந்துவிடும்.

உப்புத் தண்ணீர் எனக்குப் புதிதில்லை. திசையன்விளைப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பானையின் அடியில் ஓடு மாதிரி வெள்ளை கட்டும். அம்மா வாரம் ஒரு தடவை பழைய புளியைக் கரைத்துப் பானையில் ஊற்றிக் கொஞ்ச நேரம் சூடாக்கி, அப்படியே ஆற விட்டுவிடுவாள். காலையில் தேங்காய் நாரால் ஒரு இழுப்பு இழுத்தால் ஓடு கழன்று வரும். புளியில் இருக்கிற புளிப்பு சுண்ணாம்பைத் தின்கிறது என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அவள் அவசரப்பட்டதே இல்லை என்பது மட்டும் அப்போதே மனதில் பதிந்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் தாராவிக்கு வந்து, ஊர்க்காரர் ஒருவரிடம் பிளம்பிங் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தாராவி வீடுகளில் அன்று சிங்க் ஏது? மூலையில் ஒரு மோரி, அதில் ஒரு கடப்பா கல், பக்கத்தில் நீல டிரம். பாத்திரம் தேய்க்கச் சாம்பலும் நாரும். தண்ணீர் வருவது விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம். ஆனால் வருகிற தண்ணீர் தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரிகளின் இனிப்பான தண்ணீர். உப்புக்கறை என்ற பேச்சே அங்கே நான் கேட்டதில்லை. அண்ணாச்சிக்கு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடிக்கை வீடுகள் இருந்தன. சிங்க் என்ற பொருளைக் கையால் தொட்டது அந்த வீடுகளில்தான்.

1992 மே மாதம் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே பாலம் உண்டு, பஸ் உண்டு. ஆனாலும் ரயில் வந்த பிறகுதான் ஜனங்கள் வாஷியை மும்பையாக ஏற்றுக்கொண்டார்கள். மாட்டுங்காவில் மூன்று தலைமுறை ஒரே அறையில் இருந்த குடும்பங்கள், செம்பூரில் வாடகை கொடுத்து அலுத்தவர்கள், அரசு நிறுவனமான சிட்கோ கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பின்னாலேயே நாங்களும் வந்தோம். மாட்டுங்காவில் குழாய் மாற்றிக் கொடுத்த வீட்டு மாமி வாஷிக்குப் போனாலும் அதே ஆளைத்தான் கூப்பிடுவார்.

செக்டர் ஒன்பதின் ஜே.என். டைப் வீடுகளில் எனக்கு நிறைய வேலை. ஓட்டா என்று இங்கே சொல்கிற சமையல் மேடை கடப்பா கல்லில். அதில் பதித்த சின்ன ஸ்டீல் சிங்க். மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு மாமி, சிங்க்கின் பின்பக்கச் சுவரில் கோடாக இறங்கியிருந்த வெள்ளையைக் காட்டி, "அங்க முப்பது வருஷம் இருந்தோம்ப்பா, இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்லை. இந்த ஊர்த் தண்ணியே சரியில்லை" என்றார். குழாயை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மூக்கில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வாஷர் தேய்ந்த குழாய். "தண்ணி மேல பழி போடாதீங்க மாமி, இந்த வாஷர் ராத்திரி பூரா வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

நல்ல தண்ணீரிலும் கொஞ்சம் சுண்ணாம்பு உண்டு. ஒரு சொட்டு காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு மிச்சம் வைக்கும். அதே இடத்தில், அதே வழியில், இரவு பகலாகச் சொட்டி, இடையிடையே காய்ந்தால் மாதங்களில் அது கோடாகும், வருடத்தில் மேடாகும். குடம் குடமாகத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கறை பிடிப்பதில்லை; சொட்டிக் காய்கிற இடத்தில் பிடிக்கிறது. அதனால் கறை எந்த உருவத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒற்றைக் கோடு என்றால் குழாய் ஒழுகுகிறது. குழாயின் அடியைச் சுற்றி வளையமாக இருந்தால் உள்ளே ரப்பர் போயிருக்கிறது. சிங்க்கின் தரை முழுவதும் மங்கலாகப் படர்ந்திருந்தால் தண்ணீரே மாறியிருக்கிறது, அல்லது பாத்திரம் தேய்க்கிற சோப்புப் பாரைச் சரியாகக் கழுவவில்லை. அந்தப் பாரில் தேய்ப்பதற்காகவே கனிமப் பொடி கலந்திருக்கும். அது காய்ந்தால் உப்பு மாதிரியே வெள்ளையாக நிற்கும். ஈரத் துணியால் துடைத்தாலே போய்விடுகிற வெள்ளைக்கு என்னைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. டைல்ஸ் வேலை முடிந்த வீடாக இருந்தால் பொட்டுப் பொட்டாக ஒயிட் சிமெண்ட். அதைப் பிளாஸ்டிக் பட்டையால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் எல்லார் வீட்டுப் பாத்ரூமிலும் ஒரு ஆசிட் பாட்டில் இருந்தது. கைவண்டியில் வைத்து, பழைய பிஸ்லேரி பாட்டில்களில் ஊற்றி விற்பார்கள். லேபிள் கிடையாது, எவ்வளவு கடுமை என்று விற்கிறவனுக்கே தெரியாது. 2013-இல் உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண் தொடுத்த வழக்கில், கடைகளில் கேட்பாரின்றி ஆசிட் விற்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. வாங்குகிறவரின் பெயர், முகவரி எழுதி வைக்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்றெல்லாம் வந்தது. அந்த உத்தரவு வந்த காரணத்தை நினைத்தால் சிங்க் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் என் தொழிலில் பார்த்ததை நான் சொல்ல வேண்டும்: உப்பு கெடுத்த சிங்க்கை விட ஆசிட் கெடுத்த சிங்க்குகள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

ஸ்டீல் துருப்பிடிக்காது என்று பெயர். அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலே கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் குரோமிய ஆக்சைடுத் தோல். கீறினாலும் காற்றுப் பட்டுத் தானே மூடிக்கொள்ளும் தோல் அது. ஆனால் கடையில் விற்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக். அதில் இருக்கிற குளோரைடு அந்தத் தோலைப் பொத்துக்கொண்டு உள்ளே போகும். முதலில் ஊசி முனை அளவு கரும்புள்ளி. அப்புறம் அந்தப் புள்ளியைச் சுற்றிப் பழுப்பு. அப்புறம் ஓட்டை. பதினெட்டு சதம் குரோமியமும் எட்டு சதம் நிக்கலும் உள்ள 304 ஸ்டீல் கொஞ்சம் தாங்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 சீக்கிரம் விழுந்துவிடும். கடைக்காரர் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304 என்பார். 202-லும் காந்தம் ஒட்டாது. டாய்லெட் கழுவுகிற நீலத் திரவத்திலும் இதே ஹைட்ரோகுளோரிக்தான் இருக்கிறது. அதைச் சிங்க்கில் ஊற்றுகிறவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டால் போதும்.

ஸ்டீலாவது போராடும். கடப்பா கல்லுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆந்திராவின் கடப்பாப் பக்கத்திலிருந்து வருகிற அந்தக் கறுப்புக் கல், சுண்ணாம்புப் பாறை. சிங்க்கில் படிந்த வெள்ளையும் கால்சியம் கார்பனேட், அதைத் தாங்கி நிற்கிற மேடையும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கறை எது, கல் எது என்று ஆசிட்டுக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்கிற ஒரு குடித்தனக்காரர், டெபாசிட் பணம் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் சிங்க்கைச் சுற்றி ஆசிட் ஊற்றித் தேய்த்திருந்தார். சிங்க் பளபளத்தது. மேடையில் ஓடிய இடமெல்லாம் கறுப்பு போய் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று நின்றது. வாட்டர் எமரியை மூன்று நம்பரில் மாற்றி மாற்றித் தேய்த்து, எண்ணெய் பூசி, அருகில் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் குடும்பத்தின் மூன்று மாத வாடகை அந்த டெபாசிட்டில் இருந்தது. கடப்பா மேடையாக இருந்தால் எலுமிச்சம்பழச் சாறு கூடச் சொட்டக் கூடாது என்று அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் சொல்கிறேன். கிரானைட் மேடை இதற்கெல்லாம் அசையாது. மார்பிள் கடப்பாவைப் போலத்தான்.

இன்னொரு விஷயத்தைச் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும், அல்லது வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச் திரவத்தையும், ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ரெண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு வேலை செய்யும் என்று நினைத்து, கதவு மூடிய சின்னக் கிச்சனில் கலந்து, மூச்சு முட்டி வாசலில் வந்து உட்கார்ந்திருந்த ஒரு அக்காவை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து, அவரைக் காற்றில் உட்கார வைத்து, டாக்டரிடம் அனுப்பிய பிறகுதான் சிங்க் பக்கம் போனேன். எந்தக் கறையும் அந்த இருமலுக்குப் பெறாது.

நான் பயன்படுத்துவது லிம்பூ ஃபூல். ஊரில் எலுமிச்சை உப்பு என்பார்கள், டப்பாவில் சிட்ரிக் ஆசிட் என்று எழுதியிருக்கும். வாஷி ஏ.பி.எம்.சி. மசாலா மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்காரர்களுக்கு மூலைக்கடைப் பொட்டலம் போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு பெரிய ஸ்பூன். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். அதில் சுண்ணாம்பும் சிட்ரிக்கும் சேர்ந்து வேறொரு வெள்ளையாக மறுபடி படிந்துவிடும். முதலில் சிங்க்கை டிஷ்வாஷ் திரவத்தால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. நம் சமையலில் எண்ணெய் தெறிக்காத சிங்க் இல்லை, எண்ணெய் மூடிய கறையைப் புளிப்பு தொடாது. பிறகு பழைய பனியன் துணியை அந்தக் கரைசலில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டினாற்போலப் போட வேண்டும். சுவரில் ஊற்றினால் ஓடிவிடும். துணிதான் அதை அங்கேயே பிடித்து வைக்கும். அரை மணி நேரம். தடித்த மேடு என்றால் துணியை மறுபடி நனைத்து இன்னும் அரை மணி நேரம். நடுவில் துணியைத் தூக்கிப் பார்த்தால் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும். சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. பிறகு மரக் கரண்டியின் விளிம்பாலோ, பழைய ஏ.டி.எம். கார்டாலோ மெதுவாகத் தள்ளினால் வழித்துக்கொண்டு வரும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் அதே தண்ணீர் காய்ந்து அடுத்த கறைக்கு அடி போடும்.

சிட்ரிக் இல்லாத வீட்டில் வினிகர் ஆகும், கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். வினிகரோடு ஆப்பச் சோடாவைச் சேர்த்து ஊற்றும் பழக்கம் இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. பொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் என்னவோ பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். நடப்பது என்னவென்றால், வினிகரின் புளிப்பைச் சோடா தின்று தீர்க்கிறது. கறையைத் தின்ன வேண்டிய புளிப்பு அந்தப் பொங்கலிலேயே போய்விடுகிறது. சோடாவைத் தனியாக எண்ணெய்ப் பிசுக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழாய்க்கு மட்டும் வேறு கணக்கு. குழாய் பித்தளை, மேலே இருப்பது மெல்லிய குரோம் முலாம். அதில் புளிப்புத் துணியைப் பத்து நிமிஷத்துக்கு மேல் விடுவதில்லை. குழாயின் வாயில் இருக்கிற ஜாலியைக் கழற்றி, ஒரு டபராவில் கரைசல் ஊற்றிப் போட்டு வைத்தால் அடைப்பெல்லாம் விட்டுவிடும். தண்ணீர் மெலிந்து வருகிறது, பம்ப் சரியில்லை என்று புகார் சொன்ன எத்தனையோ வீடுகளில் அந்த ஜாலிதான் அடைத்துக் கிடந்தது.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு என் வேலையில் பெரிய மாற்றம் ஆர்.ஓ. மெஷினால் வந்தது. வீடு வீடாக வந்த விற்பனைப் பையன்கள் ஒரு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ரெண்டு கம்பிகளை முக்கிக் கரண்டு விடுவார்கள். தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். "இதைத்தான் ஆன்ட்டி நீங்க குடிக்கிறீங்க" என்பார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை; கரண்டு பட்டுக் கரைந்த இரும்புக் கம்பி. மோர்பே தண்ணீர் வருகிற வீட்டில் ஆர்.ஓ. தேவையே இல்லை. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று உத்தரவு போட்டது. காரணம், வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். உப்பை ஏற்றிக்கொண்டு வெளியேறுகிற அந்தத் தண்ணீருக்கு ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாயின் நுனி எங்கே தொங்குகிறது? சிங்க்கில்.

செக்டர் பதினேழு பக்கத்தில் ஒரு வீடு. சிங்க்கின் ஒரு மூலையில் மட்டும், விரல் தடிமனுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை. ஆர்.ஓ. குழாய் அந்த மூலையில் சரிந்து கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வெறும் மோர்பே தண்ணீர் இந்தத் தடிமனுக்குக் கட்டாதே என்று மீட்டரை எடுத்துப் பார்த்தால் எழுநூறுக்கு மேல் காட்டியது. வீட்டுக்காரர் அதிர்ந்துபோனார். "முனிசிபல் தண்ணிதானே வருது தம்பி?" என்றார். செக்ரட்டரியைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். கழிவறைக்கென்று போட்ட போர்வெல் லைன் தனியாக ஒரு டேங்கில் விழ வேண்டும். ரெண்டு டேங்குக்கும் நடுவில் இருந்த வால்வ் முழுதாக மூடாமல், போர் தண்ணீர் குடிநீர் டேங்கில் கலந்துகொண்டிருந்தது. வாஷியின் பெரும்பகுதி தாணே கிரீக்கை ஒட்டி மண் கொட்டி மேடாக்கிய நிலம். போர் போட்டால் கடல் வாடை அடிக்கிற தண்ணீர்தான் வரும். அந்தக் கட்டடம் முழுவதும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. வால்வை மாற்றினோம், டேங்கைக் கழுவினோம், ஆர்.ஓ. குழாயை நேராக வேஸ்ட் பைப்பில் இணைத்தோம். அதற்கப்புறம்தான் சிங்க்கில் துணி போட்டேன். மூலையில் கட்டியிருந்தது ரெண்டு நாள் விட்டு விட்டு ஊறிய பிறகு கழன்றது.

நவி மும்பையின் புதுப் பகுதிகளான கார்கர், உல்வே பக்கமெல்லாம் கட்டடங்கள் எழுந்த வேகத்துக்குத் தண்ணீர் வரவில்லை. அங்கே டேங்கர்தான் கதி. இன்று வருகிற டேங்கர் எந்தக் கிணற்றுத் தண்ணீர், நாளை எது என்று யாருக்கும் தெரியாது. அந்த வீடுகளில் கறை சுண்ணாம்பு மட்டுமாக இருப்பதில்லை. கருங்கல் பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீரில் சிலிக்காவும் உண்டு. அது கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாகப் படியும். ஒரு சொட்டு கரைசலை விட்டுப் பார்ப்பேன். குமிழ் வந்தால் சுண்ணாம்பு. ஒன்றுமே ஆகாமல் சும்மா இருந்தால் சிலிக்கா. அதைக் கரைக்க வீட்டில் எதுவும் கிடையாது. ஸ்டீலில் ஓடுகிற கோடுகளின் திசையிலேயே நைஸான பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் குறைக்கலாம், அவ்வளவுதான். முழுசாகப் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் காசு வாங்கினால் அடுத்த வேலை கிடைக்காது என்பது ஒருபக்கம்; பார்த்துக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வராது. சென்னையில் வேளச்சேரியில் என் தங்கை வீட்டுக் குழாயைப் பார்த்தால் இந்தக் கார்கர் வீடுகள் தேவலை என்று தோன்றும். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றி இப்படித்தான் ஒப்பிட்டுப் பேசுகிறோம்.

முன்பெல்லாம் வேலை முடிந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வருவேன். இப்போது பாத்திரம் தேய்க்க வரும் பாயி இருக்கிற நேரமாகப் பார்த்துப் போகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீட்டுச் சிங்க்கில் கையை விடுகிறவர் அவர்தான். கறை போகவில்லை என்று பேச்சு வாங்குவதும் அவர்தான். கடைசியில் ஆசிட் பாட்டிலை அவர் கையில்தான் கொடுப்பார்கள். விரல் இடுக்கெல்லாம் வெடித்த கைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். "தாயி, கம்பி ஸ்கிரப்பர் வேண்டாம், கீறல் விழுந்தா அதுலயே உப்பு உக்காரும்" என்று மராத்தியில் சொல்லி, துணி போடுவதைச் செய்து காட்டுவேன். பாத்திரம் முடிந்ததும் துணியைப் போட்டுவிட்டு வீடு கூட்டப் போகலாம், கூட்டி முடிப்பதற்குள் கறை இளகியிருக்கும் என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கை வெடித்திருந்தால் லிம்பூ ஃபூலும் எரியும், அதனால் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்கும்படி வீட்டுக்காரர்களிடம் கேட்கிறேன். சிலர் கொடுக்கிறார்கள். கொடுக்காத வீட்டில் என் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, பில்லில் அதைத் தனி வரியாக எழுதிவிடுகிறேன்.